காய்ச்சல் ஒன்று, காரணம் இரண்டு

ஒருவருக்குப் புதிய சிறுநீரகம் பொருத்தி நாற்பது நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, வாசல் வரை நடந்து பழகும் நேரத்தில் காய்ச்சல் வருகிறது. ரத்தத்தைப் பரிசோதித்தால் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. அதாவது புதுச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. என்ன காரணம்?

முக்கியமான சந்தேகங்கள் இரண்டு. ஒன்று, உடலின் நோய் எதிர்ப்பு சக்தி புது உறுப்பை அந்நியன் என்று அடையாளம் கண்டு தாக்குகிறது. இதற்கு 'நிராகரிப்பு' என்று பெயர். இரண்டு, ஏதோ ஒரு வைரஸ் உள்ளே புகுந்திருக்கிறது, அல்லது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது விழித்துக்கொண்டது.

நிராகரிப்பு என்றால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். வைரஸ் என்றால் அதே மருந்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர் வைத்தியம். மாற்றிச் செய்தால் முதல் வகையில் சிறுநீரகம் போகும். இரண்டாவது வகையில் ஆளே போய்விடலாம்!

உறுப்பு மாற்று சிகிச்சையின் வரலாறு என்றால் பெரும்பாலும் கத்தி பிடித்த டாக்டர்களின் கதைதான் சொல்லப்படுகிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் இந்தக் காய்ச்சலுக்கும் எழுபது வருட வரலாறு உண்டு. "இது வைரஸா, நிராகரிப்பா? முற்றுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?" என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நடந்த வரலாறு அது.

1954: ஒரே ஊர், ஒரே மாதம்

1954 டிசம்பர் 23. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மர்ரே என்ற டாக்டர், ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். இருவரும் அச்சு அசலான இரட்டையர்கள். அதனால் ரிச்சர்டின் உடல் அந்தச் சிறுநீரகத்தை அந்நியமாக நினைக்கவில்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ரிச்சர்ட் மேலும் எட்டு வருடம் வாழ்ந்தார். மர்ரேவுக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1954-இல், அதே பாஸ்டனைச் சேர்ந்த இன்னொருவர் நோபல் பரிசு வாங்கினார். அவர் தாமஸ் வெல்லர். போலியோ வைரஸைச் சோதனைக் குழாயில் வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக என்டர்ஸ், ராபின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து வாங்கிய பரிசு அது. பரிசு விழாவுக்கும் சிறுநீரக ஆபரேஷனுக்கும் இடையே இரண்டு வாரம் கூட இல்லை.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் வெல்லர் இன்னொரு வைரஸையும் பிரித்தெடுத்தார். அதே சமயத்தில் செயின்ட் லூயிஸில் மார்கரெட் ஸ்மித், பெதஸ்டாவில் வாலஸ் ரோ ஆகியோரும் தனித்தனியாக அதே வைரஸைப் பிடித்திருந்தார்கள். அது தொற்றிய செல்கள் ஊதிப் பெரிதாகி, நடுவில் ஆந்தைக் கண் போல ஒரு புள்ளியுடன் தெரியும். இந்த விநோத செல்களை ஜெர்மானிய டாக்டர்கள் 1904-லேயே பார்த்திருந்தார்கள். ஏதோ ஒட்டுண்ணி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். 1960-இல் வெல்லர் அந்த வைரஸுக்கு 'சைட்டோமெகலோ வைரஸ்' என்று பெயர் வைத்தார். சுருக்கமாக சி.எம்.வி.

பிறக்கும் குழந்தைகளைப் பாதிக்கும் வைரஸ் என்றுதான் அப்போது அதைப் பற்றிப் பேசினார்கள். மர்ரேவின் நோயாளிகளுக்கு அது எமனாக வரப்போகிறது என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மருந்து வந்தது, வைரஸும் வந்தது

எல்லா நோயாளிக்கும் இரட்டைச் சகோதரர் இருக்க மாட்டார் இல்லையா? வேறு ஒருவரின் சிறுநீரகம் என்றால் எதிர்ப்பு சக்தியை அடக்கியே தீர வேண்டும். ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய அசாதயோபிரின் என்ற மருந்து அதற்குக் கைகொடுத்தது. 1962-இல் மர்ரே, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை இந்த மருந்தின் துணையோடு பொருத்தினார். அது ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தது. டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸில் இதோடு ஸ்டீராய்டையும் சேர்த்தார். நிராகரிப்பு ஆரம்பித்துவிட்டால்கூட ஸ்டீராய்டை அதிகமாகக் கொடுத்து அதைத் திருப்ப முடியும் என்று 1963-இல் காட்டினார்.

இது பெரிய வெற்றி. ஆனால் இதனால் ஒரு பழக்கமும் வந்தது. காய்ச்சலா? கிரியாட்டினின் ஏறுகிறதா? நிராகரிப்புதான், ஸ்டீராய்டைக் கூட்டு!

பல நோயாளிகள் பிழைத்தார்கள். சிலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1960-களில் பாஸ்டனிலும் டென்வரிலும் இப்படி இறந்தவர்களின் நுரையீரலைப் பிரேதப் பரிசோதனையில் எடுத்துப் பார்த்தபோது, நுண்ணோக்கியில் அந்த ஆந்தைக் கண் செல்கள் தெரிந்தன. சிலருக்கு உண்மையான எதிரி சி.எம்.வி. ஆனால் அந்த உண்மை நோயாளி போன பிறகுதான் தெரிந்தது.

எங்கிருந்து வந்தது இந்த வைரஸ்? சி.எம்.வி. ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு முறை உடலுக்குள் வந்தால் ஆயுள் முழுக்கப் போகாது. ஆரோக்கியமானவர் உடலில் சத்தமில்லாமல் தூங்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தால் எழுந்துகொள்ளும். இதோடு இன்னொரு வழியும் இருப்பதை பிட்ஸ்பர்க் நகரின் மாண்டோ ஹோவும் அவருடைய குழுவினரும் 1975-இல் காட்டினார்கள். தானமாக வந்த சிறுநீரகத்தோடு சேர்ந்தே வைரஸ் வரலாம்! தானம் கொடுத்தவருக்கு வைரஸ் இருந்து, பெற்றவருக்கு அதுவரை இல்லாமல் இருந்தால் ஆபத்து மிக அதிகம். இன்று வரை ஆபரேஷனுக்கு முன் இருவர் ரத்தத்திலும் சி.எம்.வி. எதிர்ப்பொருள் பார்ப்பது இதனால்தான்.

1981-இல் பாஸ்டனின் ராபர்ட் ரூபினும் சக டாக்டர்களும் ஒரு காலண்டரே போட்டார்கள். முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் ஆபரேஷன் புண், ஆஸ்பத்திரிக் கிருமி. ஒன்றிலிருந்து ஆறாம் மாதம் வரை சி.எம்.வி. போன்றவற்றின் காலம். அதன் பிறகு மற்றவர்களுக்கு வரும் சாதாரணத் தொற்றுகள். எந்தச் சமயத்தில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று இது சொன்னது. ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு.

உடலின் அலாரத்தைக் கேட்ட காலம்

வைரஸை நேரடியாகக் கண்டுபிடிப்பது அப்போது ஆமை வேகம். நோயாளியின் ரத்தத்தையோ சிறுநீரையோ வளர்ப்பு செல்களில் விட்டுக் காத்திருக்க வேண்டும். முடிவு வர ஒரு வாரமும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். எதிர்ப்பொருள் பரிசோதனையும் உதவவில்லை. எதிர்ப்பொருளை உருவாக்கும் சக்தியைத்தான் மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்களே!

ஆகவே சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். வைரஸைப் பார்க்க முடியாவிட்டால் என்ன? வைரஸைப் பார்த்ததும் உடல் செய்யும் முதல் காரியத்தைப் பார்க்கலாமே? திருடனைப் பார்க்க முடியாவிட்டாலும் நாய் குரைப்பது கேட்கும் அல்லவா?

முதல் முயற்சி டி செல்களில். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த ஒற்றை வகை எதிர்ப்பொருள் தொழில்நுட்பத்தால், டி செல்களை டி4, டி8 என்று பிரித்து எண்ண முடிந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு டி4 சுமார் இரண்டு பங்கு, டி8 ஒரு பங்கு. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் 1980-களின் ஆரம்பத்தில் சிறுநீரகம் பெற்றவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்தார்கள். சி.எம்.வி. போன்ற ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் தாக்கியவர்களிடம் இந்த விகிதம் தலைகீழாக மாறியிருப்பதை 1983-இல் வெளியிட்டார்கள்.

இரண்டாவது முயற்சி ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில். அங்கே ஹெல்முட் வாக்டர் என்ற வேதியியலாளர், வைரஸ் நோயாளிகளின் சிறுநீரிலும் புற்றுநோயாளிகளின் சிறுநீரிலும் நியோப்டெரின் என்ற பொருள் அதிகமாக இருப்பதை 1979-இல் கவனித்திருந்தார். தேனீக்களிலிருந்தும் முன்பு பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. டி செல்கள் இன்டர்பெரான் காமா என்ற சமிக்ஞையை வெளியிட்டதும், 'மேக்ரோபேஜ்' எனப்படும் விழுங்கு செல்கள் நியோப்டெரினைச் சுரக்கின்றன. அதாவது எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டது என்பதற்கான அடையாளம். அதே ஊரின் உறுப்பு மாற்று டாக்டர் ரைமுண்ட் மார்க்ரைட்டரும் குழுவினரும் 1983-இல் சிறுநீரகம் பெற்றவர்களிடம் இதை அளந்தார்கள். சிறுநீர் மாதிரி போதும், ஊசி வேண்டாம், தினமும் பார்க்கலாம். அருமையான யோசனை!

சிக்கல் எங்கே என்றால், நிராகரிப்பு வந்தாலும் நியோப்டெரின் ஏறியது. வைரஸ் வந்தாலும் ஏறியது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. டி செல்லுக்கு வேறொருவரின் சிறுநீரகமும் அந்நியம்தான், வைரஸ் புகுந்த செல்லும் அந்நியம்தான். இரண்டுக்கும் ஒரே இன்டர்பெரான் காமாவைத்தான் வெளியிடுகிறது. நாய் திருடனைக் கண்டாலும் குரைக்கும், விருந்தாளியைக் கண்டாலும் குரைக்கும். சத்தத்தை மட்டும் கேட்டு வாசலில் நிற்பது யார் என்று சொல்ல முடியாது. டாக்டருக்கு வேண்டியதோ அந்த ஒரு பதில்தான்.

வைரஸையே பிடித்தார்கள்

தீர்வு வைரஸ் பக்கத்திலிருந்தே வந்தது. 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வளர்ப்பு முறையையே வேகப்படுத்தி, வாரக் கணக்கில் ஆனதை ஓரிரு நாளுக்குள் கொண்டுவந்தார்கள். 1988-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரக் குழு இன்னும் ஒரு படி போனது. வளர்க்கவே வேண்டாம் என்றார்கள். நோயாளியின் வெள்ளை அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சி.எம்.வி.யின் புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளை விட்டு, எத்தனை அணுக்கள் நிறம் காட்டுகின்றன என்று எண்ணினார்கள். சில மணி நேரத்தில் முடிவு. பல நோயாளிகளுக்குக் காய்ச்சல் வருவதற்குச் சில நாள் முன்பே அடையாளம் தெரிந்தது! பிறகு பி.சி.ஆர். முறை வந்து, ரத்தத்தில் வைரஸின் மரபணு எத்தனை இருக்கிறது என்றே எண்ண முடிந்தது.

சரியான நேரத்தில் மருந்தும் வந்தது. கான்சிக்ளோவிர் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முதலில் சி.எம்.வி.யால் கண் பாதிக்கப்பட்டவர்களுக்காக. முன்பே கண்டுபிடிக்கலாம், மருந்தும் இருக்கிறது என்றானதும், 1991-இல் ரூபின் ஒரு கொள்கையை எழுதினார். நோய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், எல்லோருக்கும் மருந்து கொடுக்கவும் வேண்டாம். தொடர்ந்து பரிசோதித்து, அடையாளம் தெரிந்தவர்களுக்கு மட்டும் நோய் வெளிப்படும் முன்பே கொடுங்கள்.

இதில் பணக்கணக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் மாதக் கணக்கில் மருந்து கொடுத்தால் மருந்துச் செலவு அதிகம், வெள்ளை அணுக்கள் குறையும் பக்கவிளைவும் உண்டு. பரிசோதித்துக் கொடுத்தால் மருந்து மிச்சம். ஆனால் வாராவாரம் பரிசோதனைச் செலவு, ஆய்வகத்துக்கு அலைச்சல். ஒரு வாரம் தவறினாலும் ஆபத்து. எது நல்லது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டு முறையும் நடைமுறையில் இருக்கின்றன. பி.சி.ஆர். எண்ணிக்கையிலும் ஒவ்வொரு ஆய்வகம் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பொது அளவுகோல் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடுவது ஓரளவு சாத்தியமானது.

பழைய பாடம், புதிய வைரஸ்

சி.எம்.வி. அடங்கியது என்று மூச்சு விடுவதற்குள் இன்னொன்று வந்தது. 1971-இல் லண்டனில் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடித்து, அவருடைய பெயரின் முதல் எழுத்துகளையே வைத்து பி.கே. வைரஸ் என்று அழைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1990-களில் டாக்ரோலிமஸ் போன்ற வலுவான மருந்துகள் வந்தன. நிராகரிப்பு குறைந்தது. பி.கே. வைரஸ் சிறுநீரகத்தையே அரிக்க ஆரம்பித்தது.

இங்கே குழப்பம் இன்னும் மோசம். பயாப்ஸி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்கூட, பி.கே. வைரஸ் செய்த சேதம் நிராகரிப்பு மாதிரியே தெரியலாம். அதை நம்பி ஸ்டீராய்டைக் கூட்டினால் வைரஸுக்கு விருந்து வைத்த கதைதான். அப்படிச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் உண்டு. சி.எம்.வி.க்குக் கிடைத்த மாதிரி நல்ல மருந்து இதற்கு இன்னும் இல்லை. முன்கூட்டியே கண்டுபிடித்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான் முக்கிய வைத்தியம். 1960-களின் கேள்வி அப்படியே திரும்பி வந்தது.

கேள்வியை மாற்றியவர்கள்

2000-க்குப் பிறகு எதிர்ப்பு சக்தியின் அடையாளங்கள் மறுபடியும் பேசப்பட்டன. ஆனால் இந்த முறை கேள்வி வேறு. "வைரஸ் இருக்கிறதா?" என்பதற்கு பி.சி.ஆர். பதில் சொல்லிவிடும். "வைரஸ் வந்தால் இந்த உடல் சமாளிக்குமா?" என்பதுதான் புதிய கேள்வி.

ஆஸ்திரேலியாவில் உருவான குவான்டிபெரான் சி.எம்.வி. பரிசோதனை ஓர் உதாரணம். நோயாளியின் ரத்தத்தில் சி.எம்.வி. புரதத் துண்டுகளைக் கலந்து, டி செல்கள் இன்டர்பெரான் காமாவை வெளியிடுகின்றனவா என்று மறுநாள் பார்க்கிறார்கள். வெளியிட்டால் காவல் இருக்கிறது. வெளியிடாவிட்டால் ஜாக்கிரதை! இன்ஸ்புரூக்கில் குழப்பிய அதே சமிக்ஞைதான். ஆனால் இங்கே திருடனின் வேஷத்தை நாயிடம் காட்டிவிட்டுக் கேட்கிறார்கள். அதனால் எதைப் பார்த்துக் குரைக்கிறது என்ற சந்தேகம் இல்லை. குரைக்காத நாய்தான் இங்கே எச்சரிக்கை.

இன்னொரு உதாரணம் இன்னும் சுவாரசியம். 1997-இல் ஜப்பானில் டி.டி. என்ற முதல் எழுத்துகள் கொண்ட ஒரு நோயாளியிடம் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பிற்பாடு 'டார்க் டெனோ' வைரஸ் என்று பெயர் பெற்றது. பெரும்பாலானவர்கள் உடலில் இருக்கிறது, எந்த நோயும் செய்வதாகத் தெரியவில்லை. அதனால் அதற்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்தால் அது பெருகும், கூடினால் குறையும். ஆகவே அதன் எண்ணிக்கை எதிர்ப்பு சக்திக்கு ஒரு மீட்டர் போல ஆகிவிடுகிறது. மிக அதிகமாக இருந்தால் தொற்று பயம், மிகக் குறைவாக இருந்தால் நிராகரிப்பு பயம். இந்த எண்ணிக்கையை வைத்தே மருந்தின் அளவைத் தீர்மானிக்கலாமா என்று பார்க்க 2022-இல் ஐரோப்பாவில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது.

பழைய சிக்கல் முழுதும் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. நிராகரிப்பை முன்பே காட்டும் என்று சிறுநீரில் அளக்கப்படும் சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற புரதங்களும் இன்டர்பெரான் காமாவின் தூண்டுதலால் வருபவைதான். அவை குறைவாக இருந்தால் பெரும்பாலும் நிராகரிப்பு இல்லை என்று நிம்மதி அடையலாம். அதிகமாக இருந்தால்? பி.கே. வைரஸாகவும் இருக்கலாம். நியோப்டெரினின் கதை நாற்பது வருடம் கழித்து வேறு பெயரில்!

வேலூரிலிருந்து பார்த்தால்

இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. இந்திய நோயாளிகளுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு வயதிலேயே சி.எம்.வி. வந்து தங்கியிருக்கிறது. ஆகவே தானமாக வரும் உறுப்போடு புதிதாக வைரஸ் வரும் நிலை இங்கே குறைவு. உள்ளே தூங்குவது விழிப்பதுதான் அதிகம். இதோடு காசநோய் என்ற மூன்றாவது சந்தேகமும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உண்டு. மருந்து, பரிசோதனை இரண்டுக்கும் குடும்பமே கைக்காசு போட வேண்டிய வீடுகள் நிறைய. அங்கே 'வாராவாரம் பி.சி.ஆர்.' என்று எழுதிக் கொடுப்பது சுலபம், செய்வது கஷ்டம். விலை குறைந்த, நம்பகமான ஒரு முன் அடையாளம் கிடைத்தால் அதன் பலன் பாஸ்டனைவிட இங்கேதான் அதிகம்.

மொத்தத்தில், 1960-களில் பிரேதப் பரிசோதனை மேஜையில் தெரிந்த பதில், 1980-களில் சில மணி நேரத்தில் தெரிந்தது. இன்று சிலருக்காவது வைரஸ் பெருகும் முன்பே தெரிகிறது. ஆனால் எந்த ஒரு பரிசோதனையும் தனியாக நின்று "இது நிராகரிப்பு, இது வைரஸ்" என்று எல்லா நோயாளிக்கும் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. வைரஸ் எண்ணிக்கை, டி செல்லின் பதில், பயாப்ஸி, நாட்காட்டியில் எத்தனையாவது மாதம், எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். நாற்பதாம் நாள் காய்ச்சலோடு வருபவருக்கு மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பது இன்றும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்தான். யோசிக்க நேரம் கிடைக்கிறது என்பதுதான் இந்த எழுபது வருட உழைப்பின் லாபம்.